ஆத்தங்குடிப் பூக்கல்லில் வீடியோ கேம் ரசிகர் ஓவியம்: நான் செய்யும் முறை

எங்கள் மாமா ஆத்தங்குடியில் கல் போடுகிறவர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட்டுக் கலவையை ஊற்றி, தரையில் பதிக்கும் பூக்கல்லைக் கையாலேயே செய்கிற வேலை அது. சூளை கிடையாது. பளபளப்புக்குத் தனிப் பூச்சும் கிடையாது. கண்ணாடியைத் தொட்டபடி இறுகுகிற பக்கம் அதன் மினுமினுப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்தால் உள்ளங்காலில் ஒரு குளிர்ச்சி ஏறுமே, அதுதான் பூக்கல்.

பள்ளி விடுமுறை முழுக்க நானும் தம்பியும் மாமாவின் பட்டறையில்தான் கிடப்போம். அவர் கரண்டியால் சிவப்பை ஊற்றுவார், பிறகு மஞ்சளை ஊற்றுவார், அச்சைத் தூக்குவார், பூ நிற்கும். மத்தியானம் வீட்டுக்குப் போனால் டிவியில் கேசட் சொருகி ஆடுகிற வீடியோ கேம். அங்கேயும் கட்டம் கட்டமாக நாலைந்து வண்ணங்கள். இரண்டும் அண்ணன் தம்பி போன்ற கலைகள் என்பது எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் உறைத்தது. அன்றிலிருந்து கேம் பாத்திரங்களைப் பூக்கல்லில் வார்த்துவருகிறேன். வாரத்தில் ஆறு நாள் காரைக்குடியில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கல். இதுவரை நாற்பதுக்கு மேல் போட்டிருக்கிறேன். எப்படிச் செய்கிறாய் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

பழைய கேம் கருவிகளைப் பற்றி ஒரு செய்தி. எண்பதுகளில் வந்த நிண்டெண்டோ கருவியில் திரையில் தெரியும் எதுவும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களால் ஆனது. அந்தச் சதுரத்துக்கு அதைச் செய்தவர்கள் வைத்த பெயரே டைல். நகரும் உருவம் ஒவ்வொன்றுக்கும் மூன்று வண்ணம்தான் கிடைக்கும். நான்காவது இடம் ஒன்றுமில்லாமல் பின்னணி தெரிவதற்கு. மாமாவின் பட்டறையிலும் ஒரு கல்லுக்கு மூன்று நான்கு வண்ணங்களுக்கு மேல் போவது அபூர்வம். 1998 முதல் பாரிஸ் நகரத்துச் சுவர்களில் இன்வேடர் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற பழைய கேமின் உருவங்களைச் சிறு ஓடுகளால் பதித்துவருவதை அறிந்த நாளில் எனக்கு உறக்கமே வரவில்லை. அவர் ஒட்டுவது கடையில் கிடைக்கும் ஓடுகளை. நமக்கோ ஓடுகளையே வார்க்கத் தெரியும்.

எதை எடுப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேமின் அட்டைப்படத்தை எடுத்துவைத்துக்கொண்டு அப்படியே வரையப் பார்க்கிறார்கள். வேண்டாம். அட்டைப்படம் விற்பனைக்காக வரையப்பட்டது; அதில் உங்கள் நினைவு எதுவும் இல்லை. நீங்கள் ஆடியபோது எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள், எந்தச் சின்ன உருவத்தைக் கண்டதும் மனம் இளகியது என்று யோசியுங்கள். அதுதான் உங்களுடைய ஓவியம்.

ஆனால் முதல் கல்லுக்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்கள். ஒரே வண்ணம், இடமும் வலமும் ஒத்த உருவம், குறைந்த கட்டங்கள். இந்த மூன்றும் சேர்ந்த உருவம் ஒன்று இருக்கிறது. 1978இல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் வரும் நண்டு. குறுக்கே 11 கட்டம், நெடுக்கே 8 வரிசை. கோலப் புள்ளி சொல்வது போலச் சொல்கிறேன், கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிசையில் 3, 9. இரண்டாவதில் 4, 8. மூன்றாவதில் 3 முதல் 9 வரை. நான்காவதில் 2, 3, பிறகு 5, 6, 7, பிறகு 9, 10. ஐந்தாவது வரிசை முழுவதும். ஆறாவதில் 1, பிறகு 3 முதல் 9 வரை, பிறகு 11. ஏழாவதில் 1, 3, 9, 11. எட்டாவதில் 4, 5, பிறகு 7, 8.

மொத்தம் 46 கட்டங்கள் நிரம்பியிருக்கும், 42 காலியாக இருக்கும். எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நண்டு நொண்டும். எங்கள் அப்பத்தாவுக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாது. இந்த எண்களை நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, கோலமாவை எடுத்து முற்றத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். எட்டாவது வரிசை முடிந்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நண்டா?" என்றார். உருவம் சரியாகக் குறுக்கப்பட்டிருந்தால் எவர் கண்ணுக்கும் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய உருவத்தைச் சிறிய கட்டத்துக்குள் கொண்டுவருவது

இரண்டாவது கல்லிலிருந்து நீங்களே உருவத்தைக் குறுக்க வேண்டியிருக்கும். கல்லின் அளவு எட்டு அங்குலம், உருவம் பதினாறுக்குப் பதினாறு கட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டம் சரியாக அரை அங்குலம் வரும். மைன்கிராஃப்ட் கேமில் ஒரு கட்டையின் ஒரு பக்கத்துப் படமும் பதினாறுக்குப் பதினாறுதான். அதில் வரும் கிரீப்பர் என்ற பிராணியின் முகம் எட்டுக்கு எட்டு. கட்டம் ஓர் அங்குலம். நண்டுக்கு அடுத்த கல்லாக அதையே சொல்வேன், பச்சையும் கறுப்பும் போதும்.

கணினியில் படத்தைச் சுருக்கினால் தானாகவே கட்டமாகிவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். ஆகும். ஆனால் கணினிக்கு எது கண், எது வெறும் நிழல் என்று தெரியாது. இரண்டையும் சமமாக மழுக்கிவிடும். 1981இல் டாங்கி காங் கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ மாரியோவை வரைந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய இடத்தில் வாய் வரைய வழியில்லை. மீசை வைத்தார், மூக்கும் முகமும் பிரிந்து தெரிந்தன. முடி அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி வைத்தார். கை ஆடுவது தெரிய வேண்டும். சட்டைக்கு ஒரு நிறம், மேலே மாட்டும் உடுப்புக்கு வேறு நிறம் கொடுத்தார். உலகமே அடையாளம் காணும் முகம் இடமில்லாத காரணத்தால் பிறந்தது. ஆகவே கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு பென்சிலால் நீங்களே குறையுங்கள். முதலில் வெளிக்கோடு, பிறகு கண், பிறகு அந்தப் பாத்திரத்தை அதுவாக ஆக்குகிற ஒரே ஒரு பொருள்: தொப்பியோ வாளோ வாலோ. மற்றதை விட்டுவிடுங்கள். தாளைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அந்தக் கேமை ஆடிய ஒருவரையும் கூட்டிவந்து காட்டுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் மீண்டும் வரையுங்கள்.

தேவையானவை

கண்ணாடி: பத்து அங்குலச் சதுரம், கனமானது, ஓரம் தேய்த்தது. கீறல் இருந்தால் கீறல் கல்லில் விழும். எட்டு அங்குலம் உள்ளளவு வருகிற மாதிரி ரீப்பர் கட்டையில் ஒரு சட்டம், உயரம் ஓர் அங்குலம். வெள்ளைச் சிமெண்ட், சாதாரணச் சிமெண்ட், சலித்த நல்ல மணல். வண்ணத்துக்கு இரும்பு ஆக்சைடு வகைகளையே வாங்குங்கள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பச்சை, நீலம் வேண்டுமானால் சிமெண்ட்டுக்கென்றே விற்கும் பொடியைக் கேட்டு வாங்குங்கள். துணிச் சாயமும் சுவர் வண்ணமும் உதவாது. சிமெண்ட்டின் காரத்தில் வெளுத்துப்போகும். திரையில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் மின்னல் பச்சையும் இங்கே கிடைக்காது. கிடைக்காததை எண்ணி வருந்த வேண்டாம். செம்மண் சிவப்பில் நிற்கிற நண்டைப் பார்த்தால் திரையில் இருந்தது வெளிறியதாகத் தோன்றும்.

ரப்பர் கையுறையும் மூக்கை மூடும் முகக்கவசமும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். பட்ட உடனே தெரியாது, இரவில் எரியும். பட்டால் நிறைய தண்ணீரில் கழுவுங்கள்.

இனி அச்சு. பட்டறையில் தகரத்தை வளைத்துச் செய்த அச்சுகள் இருக்கும், பூவுக்கு ஏற்ற வளைவுகளோடு. நமக்கு வேண்டியது நேர்க்கோடுதான் என்பதால் வீட்டிலேயே செய்யலாம். பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டைகளை ஓர் அங்குல அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். நண்டுக்கு ஐந்தரை அங்குல நீளத்தில் 9 பட்டைகள், நான்கு அங்குல நீளத்தில் 12 பட்டைகள். ஒவ்வொன்றிலும் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு, பட்டையின் பாதி உயரம் வரை. நீளப் பட்டைகளில் மேலிருந்து, குட்டைப் பட்டைகளில் கீழிருந்து. ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினால் முட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தடுப்பு போன்ற வலை கிடைக்கும். 11க்கு 8 அறைகள். பாய் முடைகிற பொறுமை வேண்டும். எனக்கு முதல் வலைக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. பட்டைகளின் அடி விளிம்பு ஒரே மட்டமாக இல்லாவிட்டால் வண்ணம் அடியில் கசிந்து பக்கத்து அறைக்குப் போய்விடும். கண்ணாடி மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். பட்டைகளில் தேங்காய் எண்ணெயைத் துணியால் ஒற்றித் துடைத்தெடுங்கள், ஈரம் தெரியாத அளவுக்கு. கண்ணாடியில் எண்ணெய் படக் கூடாது.

வார்ப்பது

கண்ணாடியைக் கிடத்தும் இடத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இதில் சோம்பல்படாதீர்கள். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் வண்ணமும் சரியும்.

வண்ணக் கலவைக்கு நான் எடுக்கும் அளவு: வெள்ளைச் சிமெண்ட் மூன்று பங்கு, மிக நுண்ணிய மணல் ஒரு பங்கு. ஆக்சைடு, சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; அதிகம் போட்டால் நிறம் ஏறாது, கல் பொடியும். பொடிகளை உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்து, சல்லடையில் இரண்டு முறை சலித்து, பிறகு தண்ணீர் சேருங்கள். பதம், ஊத்தப்பத்துக்குக் கரைத்த மாவு. தோசை மாவை விட ஒரு மாற்றுக் கெட்டி. கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்காமல் நாடாவாக இறங்க வேண்டும்.

சட்டத்தைக் கண்ணாடி மேல் வையுங்கள். நடுவில் வலை. இரு பக்கமும் ஒன்றேகால் அங்குலம், மேலும் கீழும் இரண்டு அங்குலம் விட்டால் நண்டு நடுவில் உட்காரும். முதலில் நிரம்ப வேண்டிய 46 அறைகளுக்கும் சிவப்பு. தேக்கரண்டியால் ஊற்றலாம், நான் மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாச் சிரிஞ்சைப் பயன்படுத்துகிறேன். அறையின் மூலைகளுக்குக் குச்சியால் தள்ளிவிடுங்கள், காற்றுக் குமிழி தங்கினால் கல்லின் முகத்தில் குழி விழும். பிறகு காலி அறைகளுக்கும், வலைக்கு வெளியே சட்டம் வரையிலும் வெள்ளை. எல்லா இடத்திலும் கனம் ஒன்றுபோல இருக்க வேண்டும்: ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் வரும் உயரம்.

இந்த ஒரே உயரம்தான் முழுத் தொழிலுக்கும் உயிர். வலையைத் தூக்கியதும் வண்ணங்களைப் பிரித்து நிறுத்த எதுவும் கிடையாது. சிவப்பும் வெள்ளையும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும். ஒன்று மேலே இருந்தால் தாழ்ந்த பக்கம் பாயும். மாமா எனக்கு இதை வாயால் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து, கரண்டியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினார். பத்து கல் கெட்ட பிறகு என் கையும் நிறுத்தக் கற்றுக்கொண்டது.

மூன்று நிமிடம் பொறுத்து வலையை நேர் மேலே தூக்குங்கள். சாய்க்கக் கூடாது, உதறக் கூடாது. இரண்டு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிர் மூலைகளில். மூச்சை விட்டபடி தூக்கினால் கை நடுங்காது. தூக்கியதும் கட்டங்களின் விளிம்பு கொஞ்சம் மெலிதாகக் குழையும். அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். அந்தக் குழைவுதான் கையால் செய்த கல்லுக்கு அடையாளம். கோடு கத்தி போல இருக்க வேண்டும் என்றால் அச்சடித்த ஸ்டிக்கர் வாங்கிக்கொள்ளலாம். கேம் ரசிகர்களில் சிலர் ஒரு புள்ளிகூடப் பிசகக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. உருவத்தின் எண்ணிக்கை பிசகக் கூடாது. விளிம்பு, பொருளின் இயல்புக்கு விட்டுவிட வேண்டியது.

அடுத்து, உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் சம அளவில் கலந்து சல்லடையால் மேலே தூவுங்கள். பனி விழுவது போல, எல்லா இடத்திலும். அது அடியில் உள்ள ஈரத்தைக் குடித்து வண்ணத்தைப் பிடித்து நிறுத்தும். அதற்கு மேல் சாந்து: சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரம் போதும். முக்கால் அங்குலக் கனம் வரும் வரை போட்டு, கரணையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். முதல் அழுத்து மெதுவாக. வேகமாகக் குத்தினால் அடியில் நண்டு சிதறும்.

ஒரு நாள் அப்படியே விடுங்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் வெயிலுக்குக் கல் அவசரமாகக் காய்ந்து மயிர்க்கோடு போல வெடிக்கும். மேலே ஈரச் சாக்கைப் போட்டு நிழலில் வையுங்கள். மறுநாள் சட்டத்தைக் கழற்றி, கல்லைத் திருப்பி, கண்ணாடியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு வரும். நெம்ப வேண்டாம். கல்லை ஏழு நாள் தண்ணீரில் போட்டுவையுங்கள், பிறகு நிழலில் உலர்த்துங்கள். சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது.

இடம் வலமாகும்

இதை எல்லாரும் ஒரு முறை தவறவிடுவார்கள் என்பதால் தனியாக எழுதுகிறேன். நீங்கள் மேலிருந்து பார்த்து ஊற்றுகிறீர்கள். ஆனால் கல்லின் முகம் அடியில், கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. திருப்பினால் இடது வலதாகிவிடும். நண்டுக்குக் கவலையில்லை, அதனால்தான் முதலில் அதைச் செய்யச் சொன்னேன்.

என் தம்பி இடதுகைக்காரன். அவனுக்குச் சிறுவயதிலிருந்து செல்டா கேமின் லிங்க் மேல் அப்படியொரு பாசம். காரணம், 1986இல் வந்த முதல் கேமிலிருந்து லிங்க்கும் இடதுகைக்காரன். சோற்றுக் கையை மாற்றச் சொல்லி எல்லாரும் அதட்டிய வீட்டில், வாளை இடக்கையில் பிடித்த ஒரு வீரன் அவனுக்கு எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். அவனுடைய பிறந்தநாளுக்கு லிங்க் கல் ஒன்று போட்டேன். பச்சைச் சட்டை, பழுப்பு முடி, தோல் நிறம், மூன்றே வண்ணம். பத்து நாள் உழைப்பு. கையில் வாங்கியவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, இவன் வலதுகைக்காரனாகிவிட்டானே" என்றான்.

பிறகு அவனே ஒரு செய்தி சொன்னான். 2006இல் செல்டா வரிசையின் ட்வைலைட் பிரின்சஸ் கேம் நிண்டெண்டோவின் வீ கருவிக்கு வந்தபோது, ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வாளை வீசும் கட்டுப்பாட்டுக் கருவியை வலக்கையில் பிடிப்பார்கள் என்பதால் லிங்க்கை வலதுகைக்காரனாக்க முடிவு செய்தார்கள். அதற்காகக் கேமின் உலகம் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். அதே கேமின், கேம்கியூப் என்ற முந்தைய கருவிக்கான பதிப்பில் அவன் இடதுகைக்காரன்தான். "நீ போட்டது வீ லிங்க்" என்று சொல்லி அந்தக் கல்லைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டான். இடதுகை லிங்க்கை அடுத்த மாதம் போட்டுக் கொடுத்தேன்.

வழி எளிது. வரைந்த தாளைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் அதே கோடுகளை இழுங்கள். பின்பக்கம் மேலே தெரியும்படி அந்தத் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். கண்ணாடி வழியாகத் தெரியும் திருப்பிய படத்தைப் பார்த்தே ஊற்றுங்கள். எழுத்து இருந்தால் தாளைத் திருப்பினோமா என்று இரண்டு முறை பாருங்கள்.

கெட்டுப்போன கல்லை உடனே உடைக்காதீர்கள். மைன்கிராஃப்டின் கிரீப்பரே பன்றி உருவம் செய்யப்போய் உயரத்தையும் நீளத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டதால் பிறந்தது. என் கற்களில் ஒன்றில் மஞ்சள் பாய்ந்து கோழிக்குஞ்சின் பின்னால் வெயில் விழுந்தது போல ஆகிவிட்டது. நான் திட்டமிட்டு அதைச் செய்திருக்க முடியாது.

நம் ஊரையும் உள்ளே கொண்டுவருவது

பாத்திரத்தை அப்படியே கல்லில் ஏற்றுவது பயிற்சி. அதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் நல்ல நகலாளர், அவ்வளவுதான். ஓவியம் தொடங்குவது அந்தப் பாத்திரம் உங்கள் ஊருக்கு வந்து இறங்கும்போது. 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி கேமை எரிக் பரோன் என்பவர் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தனியொருவராக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து செய்தார். அதில் வரும் கோழிகளை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கோழியை நான்கு கற்கள் சேர்ந்த படமாக, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டத்தில் செய்தேன். அதன் பக்கத்தில் ஓலைக் கொட்டான் ஒன்று வைத்தேன். கொட்டானின் சிவப்பும் பச்சையும் மாறி மாறி வரும் முடைச்சலும் கட்டம்தான் என்பதால் கேமின் உலகத்துக்குள் அது இயல்பாகப் பொருந்தியது. ஓரத்துக்கு மாமாவின் பழைய பூ அச்சில் ஒரு வரிசை. அந்தக் கேமை ஆடுகிற தோழி ஒருத்தி, அவளுக்கு இந்தப் பக்கமே தெரியாது, படத்தைப் பார்த்துவிட்டு "இந்தக் கூடை கேமில் எந்த இடத்தில் கிடைக்கும்?" என்று கேட்டாள்.

கண்டாங்கிச் சேலையின் கட்டங்கள், மரக்கதவின் மேல் நிலையில் செதுக்கிய கிளிகள், நடுவீட்டுக் கோலத்தின் நேர்க்கோடுகள் என்று எடுக்க நம்மிடம் ஏராளம் இருக்கிறது. ஒரு கல்லுக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் திணித்தால் சுற்றுலாத் துறை விளம்பரம் போலாகிவிடும்.

படம் எடுத்துப் பகிர்வது

கல்லில் தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தால் நிறம் எழும். ஆனால் படம் எடுத்த பிறகு தேயுங்கள்; எண்ணெய்ப் பளபளப்பில் ஜன்னல் விழும். காலை எட்டு மணி வெளிச்சத்தில் திண்ணையில் வைத்து நேர் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு புரியும். வார்க்கும்போது எடுத்த படங்களையும் சேருங்கள். ரசிகர் குழுக்களில் முடிந்த கல்லை விட வலையைத் தூக்கும் படத்துக்குத்தான் கேள்விகள் அதிகம் வரும். அந்தக் கேள்விகளிலிருந்துதான் புதிதாக ஒருவர் கல் போடத் தொடங்குவார்.

எந்தக் கேம், யார் படைப்பு என்று எழுதுங்கள். மற்றொரு ரசிகர் வரைந்ததைப் பார்த்துச் செய்தால் அவரிடம் முதலில் கேளுங்கள், பிறகு அவர் பெயரைச் சொல்லுங்கள். ரசிகர் ஓவியம் என்றாலும் அது அவருடைய உழைப்பு. பட்டறையில் கொடுத்துச் செய்தவர்கள், கல் போட்டவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வடிவம் உங்களுடையதாக இருக்கலாம். கரண்டி நின்ற இடம் அவருடைய கை. ஒரு கல்லுக்கென்று தனி அச்சு செய்து தரச் சொன்னால் அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். அவர் அன்று நூறு கல் போட்டிருப்பார்.

வீட்டில் வைத்துக்கொள்வதும் நண்பருக்குக் கொடுப்பதும் ஒன்று, விற்பது வேறு. பாத்திரங்களின் உரிமை அவற்றை உருவாக்கியவர்களுடையது. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டமும் அதைக் காக்கிறது. சில கேம் படைப்பாளர்கள் கையால் செய்த பொருட்களைச் சிறு எண்ணிக்கையில் விற்க அனுமதிக்கிறார்கள், சிலர் எதற்கும் சம்மதிப்பதில்லை. அவரவர் வெளியிட்ட விதிகளைப் படித்துவிட்டு விலை சொல்லுங்கள். என்னிடம் ஒரு கடைக்காரர் ஐம்பது மாரியோ கல் கேட்டார். மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக நானே உருவாக்கிய ஒரு பாத்திரத்தைப் போட்டுத் தருகிறேன் என்றேன்: பனையோலை விசிறியோடு நிற்கிற குட்டிப் பூதம், பதினாறுக்குப் பதினாறு. பன்னிரண்டு கல் வாங்கிக்கொண்டார். 2015இல் அண்டர்டேல் கேமைக் கொண்டுவந்த டோபி ஃபாக்ஸ், அதற்கு முன் எர்த்பவுண்ட் கேமின் ரசிகராக அதை மாற்றியமைத்துப் பழகியவர்தான். பிறர் உருவத்தில் கை பழகி, பிறகு தன் உருவத்துக்கு வருவது இந்தக் கலையில் பழைய வழி.

மிச்சக் கலவை

ஒவ்வொரு முறையும் வண்ணம் மிஞ்சும். சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். வலையையும் சிரிஞ்சையும் வாளித் தண்ணீரில் உடனே கழுவுங்கள். ஒரு மணி நேரம் கழித்து என்றால் உளி வேண்டும். வாளி தெளிந்ததும் மேல்நீரைப் பழைய சாக்கில் ஊற்றுங்கள், அடி வண்டலைக் காயவைத்துக் கட்டட இடிபாட்டோடு போடுங்கள். மிஞ்சிய வண்ணங்களுக்காக நான் நான்கு அங்குலச் சட்டம் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று இருப்பதை எல்லாம் வரிசை பார்க்காமல் ஊற்றி, தென்னங்குச்சியால் ஒரே ஒரு இழுப்பு. மேலே சாந்து. மாமா என் நண்டையும் லிங்க்கையும் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. இந்தச் சிறு கற்களைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பட்டறைக் கிணற்றடியில், கால் கழுவும் இடத்தில், இதுவரை பதினொன்று பதித்திருக்கிறார்.